கம்ப்யூட்டர் வேலை உங்களுக்கு ஒத்து வருமா? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்த நாளிலிருந்து பல வீடுகளில் ஒரே பேச்சுதான். அடுத்து என்ன படிக்க வைப்பது? பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தான், இன்று கை நிறையச் சம்பளம் வாங்குகிறான் என்று ஒருவர் சொல்வார். சாப்ட்வேர் கம்பெனிகளில் ஆட்களைக் குறைக்கிறார்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று இன்னொருவர் சொல்வார. இருவர் சொல்வதும் நடப்பதுதான். ஆனால் படிக்கப் போகிற மாணவருக்கு அந்த வேலை ஒத்து வருமா என்று இருவருமே கேட்பதில்லை.

நான் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவில் பி.இ. முடித்துவிட்டு, 2019 முதல் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வியுடன் யாராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வழி எளிமையானது. நான்கு ஆண்டுகளையும் சில லட்சம் ரூபாயையும் செலவழிக்கும் முன், ஐந்து வாரங்களைச் செலவழித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் இதற்குப் போதும். செலவு எதுவும் இல்லை.

ஒரு துறை, பல வேலைகள்:

"கம்ப்யூட்டர் வேலை" என்று ஒரு வேலை கிடையாது. புரோகிராம் எழுதுபவர், எழுதியதைச் சோதிப்பவர், நெட்வொர்க்கையும் சர்வரையும் பராமரிப்பவர், டேட்டாவை அலசுபவர், திரையில் தெரிவதை வடிவமைப்பவர் என இதில் பலர் இருக்கிறோம். ஒரே மாடியில் உட்கார்ந்திருந்தாலும் எங்களுடைய ஒரு நாள் வேலை ஒன்றுபோல் இருக்காது. ஒருவர் விரும்பிச் செய்யும் வேலை அடுத்த மேசைக்காரருக்குத் தலைவலியாக இருக்கும்.

ஒவ்வொரு வேலையிலும் எல்லோருக்கும் பிடிக்கிற பகுதி ஒன்று இருக்கும். கேம் உருவாக்கலாம், ஆப் தயாரிக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கே உரிய தொல்லையும் ஒன்று உண்டு. அந்தத் தொல்லையைத் தினமும் பொறுத்துக்கொள்ள உங்களால் முடியுமா என்று பாருங்கள். கீழே உள்ள ஐந்து சோதனைகளும் இதைக் கண்டுபிடிக்கத்தான். சோதனைக்கு ஒரு வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும்.

சோதனை 1 - புரோகிராமிங்:

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியை அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து இலவசமாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். தமிழக அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. வேறு பிரிவில் படித்தவர்களும் அந்த நூலைத் தமிழிலேயே இறக்கிப் படிக்கலாம்.

இப்போது உங்கள் இன்ஜினியரிங் கட்-ஆப் மதிப்பெண்ணைக் கணக்கிட ஒரு புரோகிராம் எழுதுங்கள். கணிதத்தில் நூற்றுக்கு எடுத்தது அப்படியே. இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மூன்றையும் கூட்டினால் 200-க்கு உங்கள் கட்-ஆப். கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 178 வர வேண்டும்.

முதல் முயற்சியில் பெரும்பாலும் பிழைச் செய்திதான் வரும். காரணம், நீங்கள் கீபோர்டில் தட்டும் 84 என்பதை பைத்தான் எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை. வெறும் எழுத்துகளாகவே எடுத்துக்கொள்ளும். எழுத்தை இரண்டால் வகுக்க முடியாதல்லவா? அதை எண்ணாக மாற்றச் சொல்ல வேண்டும். சோதனை தொடங்குவதே இங்கேதான். இந்தச் செய்தியைப் பார்த்ததும் என்ன செய்தீர்கள் என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, யாராவது 105 என்று கொடுத்தால் புரோகிராம் ஏற்கக் கூடாது. பிறகு பத்து நண்பர்களின் மதிப்பெண்ணை வாங்கி வரிசைப்படுத்துங்கள். கட்-ஆப் சமமாக இருந்தால் கணிதத்தில் அதிகம் பெற்றவர் முன்னால் வர வேண்டும்.

இதன் தொல்லை: சரியாக எழுதிவிட்டோம் என்று நினைத்த ஒன்று ஏன் ஓடவில்லை என்பதை மணிக்கணக்கில் தேடுவது. என்னுடைய ஒரு நாளில் புதிதாக எழுதும் நேரத்தைவிட, முன்பே எழுதப்பட்டதைப் படித்துப் புரிந்துகொள்ளும் நேரம்தான் அதிகம்.

சோதனை 2 - டெஸ்டிங்:

நண்பர் எழுதிய கட்-ஆப் புரோகிராமை வாங்கிக்கொள்ளுங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க் அல்லது எக்ஸெல்லில் மூன்று பத்திகள் போடுங்கள். என்ன கொடுத்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது. பிறகு 0, 100, 101, மைனஸ் 5, 99.5, ஒன்றுமே தட்டாமல் என்டர், தமிழில் ஒரு எழுத்து என்று விதவிதமாகக் கொடுத்துப் பாருங்கள். எங்கே தவறுகிறது என்று, நண்பர் அதைத் தன் கம்ப்யூட்டரில் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அவர் சரி செய்தபின் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

இதன் தொல்லை: அந்த "மறுபடி"தான். இருபதாவது தடவையும் முதல் தடவைபோல் கவனமாகப் பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் எழுத்துப்பிழை கண்ணில் படுகிறதா? இந்த வேலை உங்களுக்குப் பொருந்தலாம்.

சோதனை 3 - சிஸ்டம் மற்றும் நெட்வொர்க்:

உபுண்டு லினக்ஸை டவுன்லோட் செய்து, ரூபஸ் போன்ற இலவச சாப்ட்வேர் மூலம் ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் உள்ள பைல்கள் அழிந்துவிடும். எனவே முதலில் அவற்றை வேறிடத்தில் காப்பி செய்திடவும். கம்ப்யூட்டரை அந்த பென் டிரைவிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் முயன்று பார்க்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் பக்கம் போக வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள அப்பாவின் கணக்கு வழக்கெல்லாம் போய்விடக் கூடும். பிறகு வை-பையில் இணையுங்கள். பிரின்டரில் ஒரு பக்கம் அச்செடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியைக் கண்டுபிடியுங்கள்.

இதன் தொல்லை: எங்கே கோளாறு என்றே தெரியாது. கேபிளா, டிரைவரா, செட்டிங்கா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். வேலை செய்யும் இடத்தில் உங்கள் தோளுக்குப் பின்னால் ஒருவர் "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டும் இருப்பார்.

சோதனை 4 - டேட்டா:

வீட்டு மின் கட்டண விவரத்தை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு 12 பில்கள் இருக்கும். தேதி, யூனிட், தொகை ஆகியவற்றை ஒர்க்‌ஷீட்டில் ஏற்றி ஒரு வரைபடம் போடுங்கள். கோடையில் எவ்வளவு கூடுகிறது? யூனிட் கொஞ்சம் கூடினாலும் தொகை ஏன் அதைவிட வேகமாகக் கூடுகிறது? வீட்டு இணைப்புகளுக்கு 2016 முதல் முதல் 100 யூனிட் இலவசம் என்பது இந்தக் கணக்கில் எங்கே தெரிகிறது?

இதன் தொல்லை: அலசும் நேரத்தைவிடச் சுத்தம் செய்யும் நேரம் அதிகம். ஒரு பில் காணாமல் போயிருக்கும். 05-06 என்பது மே 6-ஆ, ஜூன் 5-ஆ என்று ஒர்க்‌ஷீட் குழம்பியிருக்கும். இதையெல்லாம் சரி செய்யாமல் வரைபடம் போட்டால் அது அழகாக இருக்கும், ஆனால் தவறாக இருக்கும்.

சோதனை 5 - வெப் டிசைன்:

தெரிந்தவர் ஒருவரின் கடைக்கு ஒரே ஒரு இணையப் பக்கம் செய்து கொடுங்கள். பெயர், நேரம், விலைப்பட்டியல், வழி. எச்.டி.எம்.எல். கட்டளைகளை நோட்பேடிலேயே எழுதலாம். மொபைல் திரையிலும் சரியாகத் தெரிய வேண்டும். செய்தபின் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

இதன் தொல்லை: "எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டும், கலர் மாத்திடுங்க, இல்ல, பழசே நல்லா இருந்துச்சு" என்பார். உங்களுக்குப் பிடித்தது போய், அவருக்குத் தேவையானது வரும் வரை பொறுமையாக மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை:

சாட் ஜி.பி.டி. 2022 நவம்பரில் வந்தது. அதன் பிறகு, கேட்டவுடன் புரோகிராம் எழுதித் தரும் கருவிகள் எல்லார் கைக்கும் வந்துவிட்டன. வேலையில் இவற்றைப் பயன்படுத்துபவர்கள் பலர். ஆனால் இந்த ஐந்து வாரமும் அவற்றைத் தொட வேண்டாம். தொட்டால் நீங்கள் சோதிப்பது அந்தக் கருவியை, உங்களை அல்ல. தொடக்கநிலை புரோகிராம்களை இக்கருவிகள் நொடியில் எழுதிவிடுகின்றன என்பதால், எழுதி வந்தது சரியா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு. அதற்குச் சொந்தமாகத் தடுமாறிய அனுபவம் வேண்டும்.

கம்ப்யூட்டர் இல்லையா?

கவலை வேண்டாம். பைத்தானை மொபைல் பிரவுசரிலேயே இயக்கிப் பார்க்கலாம். கூகுள் ஷீட்ஸ் மொபைலில் இருக்கிறது. மூன்றாவது சோதனைக்கு மட்டும் பள்ளி லேபையோ தெரிந்தவர் கம்ப்யூட்டரையோ அனுமதி கேட்டுப் பயன்படுத்துங்கள்.

மதிப்பெண் போடுவது எப்படி?

ஒரு நோட்டில் தினமும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். மாட்டிக்கொண்டபோது எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தேன்? மூடி வைத்தபின் அதைப் பற்றி யோசித்தேனா? மறுநாள் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தேனா? கேட்டதற்கு மேல் ஏதாவது செய்து பார்த்தேனா?

வேலையைச் சரியாக முடித்தீர்களா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். ஐந்து நாளில் யாரும் தேர்ந்துவிட முடியாது. ஐந்து வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் ஒரு பக்கம் மட்டும் நீளமாக எழுதப்பட்டிருக்கும். எதுவுமே நீளமாக இல்லை என்றால் அதுவும் நல்ல பதில்தான். சிவில், விவசாயம், நர்சிங், வணிகவியல், ஆசிரியப் பணி என்று தேட இன்னும் நேரம் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு மாணவி இப்படிச் செய்தாள். அப்பா டெய்லர். பொறியியல் கிடைக்கக்கூடிய கட்-ஆப் இருந்தது. புரோகிராமிங் வாரத்தில் மூன்றாம் நாளே கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். மின் கட்டண வாரத்தில் மட்டும் அக்கம்பக்கத்தில் ஐந்து வீட்டு பில்களை வாங்கி ஒப்பிட்டிருந்தாள். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

"தம்பி, இன்ஜினியரிங் கிடைக்கும்போது பி.எஸ்சி.யா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார் அவள் அப்பா.

"அண்ணே, அந்த நோட்டை ஒரு தடவை நீங்களே படிச்சுப் பாருங்க" என்றேன். படித்தார். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவளைப் புள்ளியியல் பட்டப்படிப்பில் சேர்த்தார். இப்போது இரண்டாம் ஆண்டு. அங்கே 'ஆர்' என்ற மொழியில் புரோகிராம் எழுத வேண்டியிருக்கிறது. அன்று மூடிவிட்டுப் போனவள் இன்று அதை எழுதுகிறாள், கணக்குக்குத் தேவைப்படுகிறதே! வேலை கிடைக்குமா என்ற கவலை அவள் அப்பாவுக்கு இன்னும் தீரவில்லை. அது எந்தப் படிப்பில் சேர்த்திருந்தாலும் இருந்திருக்கும்.

எந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கும்?

வேலை எது என்று ஓரளவு தெரிந்தபின் படிப்பைப் பாருங்கள். புரோகிராமிங் பிடித்திருந்தால் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பி.சி.ஏ. மூன்று ஆண்டுகள்; அதற்குமேல் எம்.சி.ஏ. இரண்டு ஆண்டுகள். பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. முதலில் நான்கு வாரப் பாடம், அதன் முடிவில் தகுதித் தேர்வு, தேறியவர்களுக்கு இடம். படிக்க முடியுமா என்று பார்த்துவிட்டுச் சேரும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரிய சாப்ட்வேர் நிறுவனங்கள் பல, கேம்பஸ் தேர்வில் மற்ற பொறியியல் பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன. நானே எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன்தான். ஆனால் எதிர்த்திசையில் போவது கடினம். அரசுத் துறையில் சிவில் உதவிப் பொறியாளர் ஆக வேண்டும் என்றால் சிவில் பட்டம் வேண்டும்; கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் உதவாது. உங்கள் மனம் எந்தப் பக்கம் என்று தெரியாதபோது இதையும் கணக்கில் வையுங்கள்.

விளம்பரத்தைப் பார்க்காமல் அட்டவணையைப் பாருங்கள்:

"100 சதவீத வேலைவாய்ப்பு" என்ற போர்டைப் பார்த்தால், எத்தனை பேரில் 100 சதவீதம் என்று கேளுங்கள். 120 பேர் படித்த வகுப்பில், அரியர் இல்லாத, குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்த 50 பேரை மட்டும் "தகுதியானவர்கள்" என்று கொண்டு, அந்த 50 பேருக்கும் வேலை கிடைத்தால் அதையும் 100 சதவீதம் என்று எழுதிவிட முடியும்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தாம் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் வைக்க வேண்டும். அதைத் தேடி எடுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, சம்பளத்தின் இடைநிலை மதிப்பு எவ்வளவு என்று அதில் இருக்கும்.

இடைநிலை மதிப்பு என்றால் என்ன? ஐந்து மாணவர்களின் ஆண்டுச் சம்பளம் 3 லட்சம், 3 லட்சம், 3.5 லட்சம், 4 லட்சம், 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6.7 லட்சம். ஆனால் நான்கு பேர் அந்தத் தொகையின் பக்கத்தில்கூட இல்லை. வரிசையில் நடுவில் இருப்பவரின் சம்பளமான 3.5 லட்சம்தான் இடைநிலை மதிப்பு. கல்விக் கடன் வாங்கப் போகிறவர்கள் இந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், வட்டி மானியம் பெறாதவர்களுக்கு அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

விருப்பப் பட்டியல் நிரப்புவது எப்படி?

நான் 2015-ல் பொறியியல் சேர்ந்தபோது அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் வந்து, காலியிடங்களைத் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். 2018 முதல் கவுன்சிலிங் ஆன்லைனில் நடக்கிறது. கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசைப்படி நீங்களே நிரப்ப வேண்டும்.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "கிடைக்காததை முதலில் போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று பயந்து, சுமாரான கல்லூரியை மேலே போடுகிறார்கள். அப்படி எதுவும் போகாது. உங்கள் தரவரிசை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை கம்ப்யூட்டர் ஒதுக்கும். எனவே மிகவும் விரும்புவதை மேலேயும், அடுத்ததை அதன் கீழும் போடுங்கள். கீழே உள்ளது மேலே இருந்தால்தான் ஆபத்து, அது கிடைத்துவிடும்.

முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆப்பில் முடிந்தது என்ற விவரம் இனவாரியாகக் கவுன்சிலிங் இணையதளத்தில் கிடைக்கும். அதை ஒர்க்‌ஷீட்டில் ஏற்றி, உங்கள் கட்-ஆப்பைச் சுற்றி உள்ளவற்றை வடிகட்டுங்கள். நான்காவது சோதனையில் கற்றது இங்கே உதவும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உங்கள் வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சேர்ந்த பின்:

கடைசி ஆண்டில் தயாராகலாம் என்று இருக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றாக, யாராவது ஒருவர் உண்மையில் பயன்படுத்தும் ஒன்றைச் செய்யுங்கள். ஹாஸ்டல் மெஸ் கணக்கானாலும் சரி. நேர்முகத் தேர்வில் "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கும்போது சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கும். ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. அதன் பயிற்சிகள் உங்கள் கல்லூரியில் நடந்தால், மதிப்பெண்ணுக்காக மட்டும் உட்கார்ந்துவிட்டு வராமல் முழுதாகப் பயன்படுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஐந்து வாரமும் பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "விளையாடுகிறான்" என்று எழுப்பிவிடாதீர்கள். வாரக் கடைசியில் அந்த நோட்டை வாங்கிப் படியுங்கள். கவுன்சிலிங் பட்டியல் நிரப்பும் நாளன்று அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.